நீட்டுக்கைப் பாரந்தூக்கி: பாரமும் தூரமும் கற்பிக்கும் பாதுகாப்புப் பாடம்

பால்மரக் காட்டிலும் ஆலையிலும் உழைத்து வாழ்ந்து வரும் நம் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பலதரப்பட்ட தொழில்களில் ஈடுபட்டு வருகின்றனர். ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்துள்ளன. அவ்வேலைத்தளங்களில் கனரக இயந்திரம் ஓட்டத் தெரிந்தவருக்கு, உடலுழைப்பை மட்டுமே நம்பியிருப்பவரைக் காட்டிலும் நல்ல ஊதியம் கிடைக்கிறது. ஆதலால் தம் பிள்ளை அத்தகைய தொழிலொன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று பெற்றோர் விரும்புவது இயல்பே. எனினும், காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பது எந்த ஊதியத்தையும்விட முதன்மையானது அன்றோ?

இக்கருத்தை மனத்திற்கொண்டு, வேலைத்தளங்களில் பெரிதும் பயன்படும் ஓர் இயந்திரத்தைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம். நீட்டுக்கைப் பாரந்தூக்கி என்று நாம் இங்கே குறிப்பிடும் அவ்வியந்திரத்தை வேலைத்தளங்களில் டெலிஹேண்ட்லர் என்று அழைப்பார்கள்.

இயந்திரத்தின் அமைப்பு

ரப்பர் ஆலைகளிலும் கிடங்குகளிலும் இயங்கும் போர்க்லிப்ட் இயந்திரத்தை நாம் அறிவோம். அதன் முன்னால் உள்ள இரண்டு இரும்புக் கவைகள் பாரத்தை நேராக மேலே தூக்கும். நேராகக் கீழே இறக்கும். சமமான சிமெண்டுத் தரையே அதற்கு ஏற்ற இடம். நீட்டுக்கைப் பாரந்தூக்கியோ மேடுபள்ளமான வேலைத்தளங்களில் இயங்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. பெரிய சக்கரங்களும், இயந்திரத்தின் பின்பகுதியில் கீலால் பொருத்தப்பட்ட ஒரு நீண்ட கையும் அதற்கு உண்டு. அக்கை குழாய்க்குள் குழாய் செருகியதுபோல் அமைந்திருப்பதால், வேண்டியபோது நீளும். வேண்டாதபோது உள்ளே சுருங்கும். கையின் முனையில் கவைகளை மாட்டிச் செங்கல்லும் ஓடும் தூக்கலாம். மண் அள்ளும் வாளியையும் மாட்டலாம்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜேசிபி நிறுவனம் 1977 ஆம் ஆண்டில் லோடால் என்னும் பெயரில் இவ்வகை இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. இன்று பல நாட்டு நிறுவனங்களும் இவற்றைச் செய்கின்றன. சில வகைகள் நான்கு மாடி உயரத்திற்கும் மேலாகப் பாரத்தை ஏற்றவல்லவை. பெரிய வகைகளின் சொந்த எடையே 10 டன்னைத் தாண்டும். இத்துணைப் பெரிய இயந்திரம் எப்படிக் கவிழும் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணமே ஆபத்தின் தொடக்கம்.

காண்டாக் கம்பு கற்பிக்கும் பாடம்

தோளில் காண்டாக் கம்பை வைத்து இரண்டு பால் வாளிகளைச் சுமந்த அனுபவம் நம் பெரியோர்களுக்கு உண்டு. ஒரு வாளி நிறைந்தும் மற்றொன்று குறைந்தும் இருந்தால் அவர்கள் என்ன செய்தார்கள்? நிறைந்த வாளி தோளுக்கு அருகில் வரும்படி கம்பை நகர்த்திக்கொண்டார்கள். பாரம் தோளுக்கு அருகில் இருந்தால் அதன் இழுப்பு குறையும்; தொலைவில் போனால் கூடும். ஏட்டில் படிக்காமலேயே தோளால் உணர்ந்த உண்மை இது.

நீட்டுக்கைப் பாரந்தூக்கியும் இதே விதிக்கு உட்பட்டது. இங்கே முன்சக்கரங்களே தோள். ஒரு பக்கம் தூக்கப்படும் பாரம். மறுபக்கம் இயந்திரத்தின் எடை. பாரத்தின் எடையை முன்சக்கரங்களிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால், இயந்திரத்தைக் குப்புறத் தள்ள முயலும் விசையின் அளவு தெரியவரும்.

நமக்குப் பழக்கமான ஒரு கணக்கைப் பார்ப்போம். தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்க் கட்டி ஒன்றின் எடை 33 கிலோகிராமுக்குச் சற்று அதிகம். மூன்று கட்டிகள் சேர்ந்தால் 100 கிலோகிராம். 36 கட்டிகள் அடுக்கிய ஒரு பேலட்டில் 1,200 கிலோகிராம் ரப்பர் இருக்கும். இப்பாரம் முன்சக்கரங்களிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் இருந்தால், 1,200ஐ 2ஆல் பெருக்க 2,400 ஆகிறது. கையை நீட்டிப் பாரத்தை 4 மீட்டருக்குக் கொண்டுசென்றால் 4,800. 6 மீட்டருக்குக் கொண்டுசென்றால் 7,200. ரப்பரில் ஒரு கிலோகிராம்கூடக் கூடவில்லை. ஆயினும் இயந்திரத்தைக் கவிழ்க்கும் விசை மூன்று மடங்காகிவிட்டது.

“இந்த இயந்திரம் 4 டன் தூக்கும்” என்று சொல்லக் கேட்டால், “எவ்வளவு தூரத்தில்?” என்று உடனே கேட்க வேண்டும். கையை உள்ளிழுத்த நிலையில் 4 டன் தூக்கும் இயந்திரம், கையை முழுவதும் முன்னால் நீட்டிய நிலையில் அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே தாங்கும். இவ்வொரு விதியை உணர்ந்தவருக்கு மற்றப் பாதுகாப்பு விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

பார அட்டவணை

எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை இயந்திரத்தைச் செய்தவர்களே கணக்கிட்டு ஓர் அட்டவணையாக ஓட்டுநர் அறையில் வைத்திருக்கிறார்கள். அதுவே பார அட்டவணை. அதைப் படிக்கத் தெரியாதவர் இயந்திரத்தை ஓட்டலாகாது. கவைகளுக்குப் பதிலாகக் கொக்கியோ வாளியோ மாட்டினால் அந்தக் கருவிக்குரிய வேறு அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

பாரத்தைத் தூக்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பாரத்தின் எடை என்ன? அது இறங்க வேண்டிய இடம் எவ்வளவு உயரம்? அவ்விடம் முன்சக்கரங்களிலிருந்து எவ்வளவு தூரம்? எடை தெரியாத பாரத்தைத் தூக்குவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

இயந்திரங்கள் பலவற்றில் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருக்கும். பச்சை விளக்கு பாதுகாப்பையும், மஞ்சள் விளக்கு எல்லை நெருங்குவதையும், சிவப்பு விளக்கும் ஒலியும் ஆபத்தையும் குறிக்கும். ஒலி தொந்தரவாக இருக்கிறதென்று அதைத் துண்டித்துவிட்டு வேலை செய்வது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகும். மேலும், இக்கருவி பொதுவாக இயந்திரம் முன்புறம் கவிழும் ஆபத்தை மட்டுமே உணரும். பக்கவாட்டில் சாயும் ஆபத்தை உணராது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இயந்திரம் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடக்கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

முதலில் உள்ளிழு, பிறகு இறக்கு

பாரத்தைத் தூக்கும்போது எச்சரிக்கையாக இருப்பவர்கூட இறக்கும்போது தவறிவிடுவதுண்டு. கீலிலிருந்து கவைவரை 8 மீட்டர் நீட்டப்பட்ட கை ஒன்று, படுக்கை நிலையிலிருந்து 60 பாகைக் கோணத்தில் உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாரம் கீலிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் இருக்கும். கையைச் சுருக்காமல் அப்படியே படுக்கை நிலைக்கு இறக்கினால், பாரம் 8 மீட்டர் தூரத்திற்குச் சென்றுவிடும். ஓட்டுநர் கையை ஓர் அங்குலமும் நீட்டவில்லை. இறக்க மட்டுமே செய்தார். ஆனால் பாரமோ 4 மீட்டர் முன்னால் போய்விட்டது. பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்புவதற்கு இது போதும்.

எனவே, முதலில் கையை உள்ளிழுக்க வேண்டும்; அதன் பிறகே இறக்க வேண்டும். எச்சரிக்கை ஒலி எழும்பிய வேளையிலும் இதுவே விதி. பதற்றத்தில் பாரத்தைக் கீழே இறக்கிவிட முயல்வது ஆபத்தை மிகுவிக்கும்; கையை உள்ளிழுப்பதே இயந்திரத்தைக் காக்கும்.

தரையும் சமநிலையும்

உயரத்தில் உள்ள பாரத்திற்குத் தரையின் சிறு சாய்வும் பெரிதாகிறது. பாரம் 12 மீட்டர் உயரத்தில் இருக்கையில் இயந்திரம் ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தால், பாரம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் பக்கத்தில் நகர்ந்துவிடும். ஆகவே கையை உயர்த்துவதற்கு முன்னரே இயந்திரம் மட்டமாக நிற்கிறதா என்று மட்டங்காட்டியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாரம் மேலே இருக்கும்போது மட்டத்தைச் சரிசெய்ய முயலலாகாது. பாரத்தை உள்ளிழுத்து இறக்கிய பின்னரே அதைச் செய்ய வேண்டும். சக்கரம் ஒன்றில் காற்று குறைந்திருந்தாலும் சாய்வு ஏற்படும் என்பதால், நாள்தோறும் வேலை தொடங்குமுன் சக்கரங்களையும் பிரேக்கையும் எண்ணெய்க் குழாய்களையும் சோதிக்க வேண்டும்.

நம் நாட்டில் பெருமழை பெய்யும் பருவங்களில் செம்மண் தரை எவ்வாறு இளகும் என்பதை நாம் அறிவோம். நேற்று தாங்கிய தரை இன்று தாங்கும் என்று நம்பலாகாது. வடிகாலின் ஓரமும், புதிதாக மூடப்பட்ட குழியும், குழாய் புதைத்த இடமும் மேலே கெட்டியாகத் தோன்றி உள்ளே குழைந்திருக்கலாம். தாங்குகால்கள் உள்ள இயந்திரமாயின், அவற்றின் அடியில் அகலமான கனத்த பலகைகளை இட்டுப் பாரம் பரவும்படி செய்ய வேண்டும்.

பாரத்தோடு நகரும்போது கை முழுவதும் சுருங்கியிருக்க வேண்டும்; பாரம் தரைக்கு அருகில், பார்வையை மறைக்காத உயரத்தில் இருக்க வேண்டும். சரிவில் செல்லும்போது பாரம் எப்போதும் மேட்டுப் பக்கமே இருத்தல் வேண்டும். அதாவது, பாரத்தோடு ஏறும்போது முன்னோக்கி ஏறி, இறங்கும்போது பின்னோக்கி இறங்க வேண்டும். சரிவின் குறுக்கே ஓட்டுவதும் திருப்புவதும் கூடா.

மனிதரும் மின்கம்பியும்

தூக்கிய பாரத்தின் கீழ் எவரும் நிற்கவோ நடக்கவோ இடந்தரலாகாது. கவைகளின்மீதோ பேலட்டின்மீதோ ஆளை ஏற்றி உயர்த்துவது பெருந்தவறு. மனிதரை உயர்த்துவதற்கென அங்கீகரிக்கப்பட்ட கூண்டும், அதற்கு ஏற்ற இயந்திரமும் இருந்தாலன்றி அச்செயலில் இறங்கலாகாது. பாரம் இறங்கும் இடம் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாதபோது, சைகை காட்டுபவர் ஒருவர் வேண்டும். இருவர் மூவர் சைகை காட்டினால் குழப்பமே மிஞ்சும். ஆனால் “நிறுத்து” என்னும் சைகையை எவர் காட்டினாலும் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும்.

மின்கம்பி மற்றொரு பேராபத்து. 11,000 வோல்ட், 33,000 வோல்ட் மின்சாரம் செல்லும் கம்பிகள் நம் சாலையோரங்களிலும் தோட்ட எல்லைகளிலும் செல்கின்றன. அவற்றைத் தொட்டால்தான் ஆபத்து என்பதன்று. கை மிக அருகில் சென்றாலே மின்சாரம் காற்றின் வழியே பாயக்கூடும். கம்பிக்கு அருகில் வேலை செய்ய நேர்ந்தால், தெனாகா நேஷனல் நிறுவனத்திற்கு முன்கூட்டியே தெரிவித்து ஏற்பாடு செய்வது வேலைத்தள மேலாளரின் பொறுப்பாகும்.

தவறுதலாகக் கை மின்கம்பியில் பட்டுவிட்டால், ஓட்டுநர் அறையைவிட்டு இறங்கலாகாது. முடியுமானால் இயந்திரத்தைக் கம்பியிலிருந்து விலக்க வேண்டும். முடியாவிடில் மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை உள்ளேயே இருந்து, மற்றவர்களை விலகி நிற்கும்படி கூவ வேண்டும். தீப்பற்றி இறங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதிக்க வேண்டும்; பின்னர்ப் பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தி அப்பால் செல்ல வேண்டும்.

இயந்திரம் கவிழும்போது செய்ய வேண்டியது வேறு. குதித்துத் தப்பிவிடலாம் என்று எண்ணி வெளியே பாய்பவர், கவிழும் இயந்திரத்தின் அடியிலேயே சிக்கி நசுங்க நேரிடும். இருக்கை வார் அணிந்து, கைகளையும் கால்களையும் உள்ளேயே வைத்து இறுகப் பற்றிக்கொள்வதே உயிர் காக்கும் வழி. ஓட்டுநர் அறையின் இரும்புச் சட்டம், அவர் உள்ளே இருந்தால்தான் அவரைக் காக்க முடியும்.

சாலையில் செல்லும்போது

வேலைத்தளத்தைவிட்டுச் சாலைக்கு வந்தவுடன் பொறுப்பு இரட்டிப்பாகிறது. இவ்வியந்திரங்களில் பலவற்றிற்கு முன்சக்கரம் மட்டும் திரும்புதல், நான்கு சக்கரமும் திரும்புதல், நண்டுபோல் பக்கவாட்டில் நகர்தல் என மூவகை இயக்கம் உண்டு. சாலையில் முன்சக்கரம் மட்டும் திரும்பும் முறையையே பயன்படுத்த வேண்டும். நான்கு சக்கரமும் திரும்பினால், இயந்திரத்தின் பின்பகுதி எதிர்பாராத வகையில் வீசி அடுத்த தடத்தில் செல்பவரை மோதக்கூடும்.

சாலையில் பாரம் ஏற்றிச் செல்லலாகாது. கையை முழுவதும் சுருக்கித் தாழ்த்த வேண்டும். கவைகளைக் கழற்றியோ மடக்கியோ வைக்க வேண்டும். இயலாவிடில் அவற்றின் முனைகளுக்குக் காப்பு மாட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் வருபவரின் மார்பு உயரத்தில் நீண்டிருக்கும் இரும்புக் கவை ஈட்டிக்குச் சமம். விளக்குகளும் சுழல் விளக்கும் கண்ணாடிகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சக்கரங்களில் ஒட்டிய மண்ணையும் அகற்ற வேண்டும். சாலையில் உதிரும் செம்மண் மழைநீர் பட்டவுடன் வழுக்கி, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியை வீழ்த்திவிடும்.

நம் நாட்டு ஓட்டுநர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலும் ஓட்டுநர் அறை இடப்புறத்திலும் நீட்டுக்கை வலப்புறத்திலும் அமைந்திருக்கும். நாமோ சாலையின் இடப்புறம் செல்கிறோம். நம்மை முந்துவோர் வலப்புறமாக வருகிறார்கள். ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து வண்டிகள் முந்தி வருகின்றனவோ, அந்தப் பக்கத்தையே நீட்டுக்கை மறைத்து நிற்கிறது. வலப்புறம் திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே சைகை விளக்கைப் போட்டு, கண்ணாடியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பின்னரே திரும்ப வேண்டும். நெடுந்தூரம் செல்ல வேண்டுமாயின் இயந்திரத்தைத் தாழ்தட்டு லோரியில் ஏற்றி அனுப்புவதே நன்று.

பயிற்சியும் உரிமமும்

மற்றொருவர் ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து இத்தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பது தவறான எண்ணம். அந்தந்த வகை இயந்திரத்திற்கான முறையான பயிற்சியைப் பெற வேண்டும். போர்க்லிப்ட் ஓட்டத் தெரிந்தவருக்கும் நீட்டுக்கைப் பாரந்தூக்கிக்குத் தனிப் பயிற்சி தேவை. கட்டுமான வேலைத்தளத்தில் பணிபுரிபவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமாகிய சிஐடிபியின் பதிவு அட்டையும் பெற்றிருக்க வேண்டும்.

பொதுச்சாலையில் ஓட்டுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகா வழங்கும் உரிமம் வேண்டும். கார் ஓட்டுவதற்குரிய டி வகுப்பு உரிமம் இதற்குப் போதாது. சக்கரங்கள் பொருத்திய நகரும் இயந்திரங்களுக்குத் தனி வகுப்பு உரிமங்கள் உள்ளன. இயந்திரத்திற்குரிய பதிவும் காப்புறுதியும் இருக்கின்றனவா என்பதையும் ஓட்டுநர் கேட்டறிய வேண்டும். வேலையில் காயம் ஏற்பட்டால், முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோ நிறுவனத்திற்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

நிறுத்துவதும் திறமையே

வேலைத்தளத்தில் நிகழக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். மாலை நேரம், மழை வரும்போல் இருக்கிறது. கூரை ஓடுகள் அடுக்கிய கடைசிப் பேலட் ஒன்று மேலே போக வேண்டும். இயந்திரத்தை வீட்டுச் சுவருக்கு அருகில் கொண்டுசெல்ல முடியாதபடி வழியில் மணல் குவிந்து கிடக்கிறது. “கையை இன்னும் கொஞ்சம் நீட்டு, ஒரே ஒரு பாரந்தானே” என்கிறார் மேற்பார்வையாளர். ஓட்டுநர் அட்டவணையைப் பார்க்கிறார். அத்தூரத்தில் அப்பாரம் எல்லையைத் தாண்டிவிடும் என்று அது காட்டுகிறது.

அவ்விளைஞர் என்ன செய்ய வேண்டும்? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு மேலதிகாரியின் சொல்லை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கும். ஆயினும் அவ்வேளையில் பணிவோடும் உறுதியோடும், “இது அட்டவணைக்கு மீறிய பாரம் ஐயா, மணலை அகற்றி இயந்திரத்தை அருகில் கொண்டுவருவோம், அல்லது பாரத்தை இரண்டாகப் பிரித்து ஏற்றுவோம்” என்று சொல்வதே முறையாகும். அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகலாம். ஆனால் மேலே ஓடு வேய்ந்துகொண்டிருப்பவரும், கீழே நிற்பவரும், ஓட்டுநரும் அன்றிரவு தத்தம் வீட்டில் உணவருந்துவார்கள்.

அவ்வாறு சொல்பவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பை உறுதிசெய்யும் கடமையை முதலாளியின்மீது சுமத்துகிறது. தன் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் கவனமாக இருக்கும் கடமை தொழிலாளிக்கும் உண்டு. 2022 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மேலும் ஓர் உரிமையை வழங்கியுள்ளது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, அதை அகற்ற முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லையென்றால், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பாதுகாப்புக் குறைவைப் பற்றி முறையிட்டமைக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது.

எவ்வளவு பாரத்தை எவ்வளவு தூரம் நீட்டினார் என்பதைக் கொண்டு ஓட்டுநரின் திறமையை அளக்கலாகாது. எந்தத் தூரத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிந்து, அங்கே நிறுத்தியவரே திறமைசாலி. காண்டாக் கம்பைச் சுமந்த நம் முன்னோர் பாரத்தைத் தோளுக்கு அருகில் வைத்துக்கொண்டார்கள். அவ்வறிவை இன்றைய இயந்திரத்திலும் கடைப்பிடித்து, நம் இளைஞர்கள் இத்தொழிலில் சிறந்து விளங்கி, ஒவ்வொரு மாலையும் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் விருப்பம்.